பழைய கடைவீட்டுச் சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு வாங்கலாம்? பினாங்கில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

பினாங்கு ஸ்ட்ரீட்டிலோ கிங் ஸ்ட்ரீட்டிலோ பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள், சுவரில் ஓதம் ஏறினால் முதலில் ஓடுவது ஹார்டுவேர் கடைக்குத்தான். இரண்டு மூட்டை சிமெண்ட், ஒரு டின் வாட்டர்புரூஃப், மேலே அடிக்க ஒரு டின் பெயிண்ட். கொஞ்ச நாள் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு முழங்கால் உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் விடும். கொப்புளத்தை விரலால் தொட்டால் உடைந்து வெள்ளைத் தூள் கொட்டும். மறுபடி அதே கடை, அதே மூட்டை. 2016-இல் பழைய ரன்னிமீட் ஹோட்டல் வளாகத்தின் துணைக் கட்டடங்களை இடித்தபோது ஊரே கொதித்தது. சிமெண்ட் பூச்சுக்குள் மெல்ல மாவாகிக்கொண்டிருக்கும் செங்கலுக்கு அப்படி யாரும் கொதிப்பதில்லை. ஜார்ஜ்டவுனில் இன்று அதிகச் சுவர்களைத் தின்பது இதுதான்.

காரணம் எளிது. அந்தக் காலச் செங்கல் மிருதுவானது. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுவர் முகம் வழியாக ஆவியாகிப் போய்விடும் என்ற கணக்கில் கட்டப்பட்ட சுவர் அது. சிமெண்ட் பூசினால் அந்த வாசல் அடைபடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு, செங்கல் தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகிப் பெருத்து, தோலையே வெளியே தள்ளுகிறது. சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுக்கும்போது செங்கல் முகமும் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தால் நடந்தது இதுவே. பூச்சு எப்போதும் சுவரைவிட இளகியதாக இருக்க வேண்டும். உப்பு உதிர்த்தால் பூச்சு உதிரட்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிக்கொள்ளலாம், செங்கலை மாற்ற முடியாது.

ஆக சுண்ணாம்புதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் சுண்ணாம்பு என்ற பெயரில் ஐந்து விதமான சரக்கு கிடைக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. ஒன்று மட்டும் எந்த வேலைக்குமே உதவாது.

ஊறிய சுண்ணாம்பு விழுது

வாளியில், மேலே ஒரு விரல் தண்ணீர் நிற்க, தயிர்க்கட்டி போல வருவது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டது. மூன்று மாதத்துக்குக் குறைவாக ஊறியதை வாங்க வேண்டாம். நீறாத சிறு கட்டிகள் உள்ளே இருந்தால், பூசி முடித்த பிறகு அவை சுவரிலேயே நீறிப் பெருத்து, பொரி பொரியாகப் பொட்டுப் பொட்டென்று வெடித்துக் குழி விழும். இதற்கு மருந்து கிடையாது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

நல்ல விழுதைக் கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் சட்டென்று விழாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். விரல்களுக்கு இடையே தேய்த்தால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. வாளியின் மூடி சரியாக மூடாமல் மேல்தண்ணீர் வற்றி, ஓரத்தில் வறண்ட பொருக்கு தட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் விழுது சுமார் 1.35 கிலோ இருக்கும். 20 லிட்டர் வாளி 27 கிலோ அளவுக்கு இல்லாமல் லேசாக இருந்தால், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

இதன் பலம், சுவர் நன்றாக மூச்சு விடும், சிறு விரிசல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும், கலவை வாரக்கணக்கில் கெடாது. பலவீனம், இது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். வேகம் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஓரளவு ஈரம் வேண்டும், ஆனால் சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வாயு உள்ளே போகாது. பூச்சு கடைசிவரை மெழுகு மாதிரியே கிடக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஃபினால்ஃப்தலீன் கரைசலை உடைந்த முகத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். இறுகிய வெளிவிளிம்பு நிறம் மாறாமல் இருக்கும், இறுகாத உட்பகுதி பீட்ரூட் நிறத்துக்குத் திரும்பும். அந்த இளஞ்சிவப்புக் கோட்டின் ஆழத்தை வைத்து அடுத்த பூச்சுக்கு இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணிக்கலாம்.

எங்கே பொருந்தும் என்றால், உள்சுவர்கள், மாடி, மழைச்சாரல் நேராக அடிக்காத முகப்பு. இந்த வேலைகளுக்கு இதைவிட நல்லது இல்லை.

என்எச்எல்: தண்ணீரோடும் இறுகும் சுண்ணாம்பு

நேச்சுரல் ஹைட்ராலிக் லைம் என்பதன் சுருக்கம். ஐரோப்பாவிலிருந்து 25 கிலோ மூட்டையில் தூளாக வருகிறது. களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டது என்பதால், கரியமில வாயுவுக்குக் காத்திராமல் தண்ணீரோடு சேர்ந்தே ஓரளவு இறுகிவிடும். மூட்டையில் 2, 3.5, 5 என்று எண் போட்டிருப்பார்கள். 28 நாளில் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் அது, மெகாபாஸ்கல் கணக்கில். எண் பெரிதாக இருந்தால் தரம் உயர்ந்தது என்று நினைத்து 5 வாங்கிவருகிறார்கள். பழைய கடைவீட்டுச் செங்கலுக்கு 5 தேவைக்கு மேல் கடினம். கடல்சுவர், தரைக்கு அடியில் வரும் வேலை போன்றவற்றுக்கே அது. 3.5 போதும். உள்ளே மிக மிருதுவான சுவராக இருந்தால் 2.

பினாங்கில் இது தேவைப்படும் இடம் தெளிவாகத் தெரியும்: சுவரின் அடி ஒரு மீட்டர், அஞ்சடியில் (கடைவீட்டு முன்நடையில்) உள்ள தூண்களின் கீழ்ப்பகுதி, மழை வந்தால் தெருத்தண்ணீர் தெறிக்கும் இடம், காற்றுமுற்றத்தைச் சுற்றிய சுவர். எப்போதும் ஈரமாகவே இருக்கும் அங்கே விழுதுப் பூச்சு இறுகவே இறுகாது.

குறை இரண்டு. ஒன்று விலை, சிமெண்ட் மூட்டையோடு ஒப்பிட்டால் பல மடங்கு. இரண்டாவது நம் ஊர்க் காற்று. மூட்டையில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் கிடங்கில் கிடந்த ஈரத்தைக் குடித்து உள்ளே கட்டி தட்டிவிடும். கையால் நசுக்கினால் தூளாகாத கட்டி இருந்தால் மூட்டையையே வேண்டாம் என்று சொல்லுங்கள், சலித்துப் பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் சரி. தயாரித்த தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது.

பணம் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த சுர்க்கி, அதாவது செங்கல் பொடி. விழுதோடு சேர்த்தால் ஓரளவு நீரிலும் இறுகும் தன்மை வரும். விழுது ஒரு பங்கு, சுர்க்கி அரைப் பங்கு, மணல் இரண்டரைப் பங்கு என்று தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் பொடி, குறைந்த சூட்டில் சுட்ட பழஞ்செங்கலிலிருந்து வர வேண்டும், மாவு போல நைசாக இருக்க வேண்டும். இன்றைய சூளையில் கடுமையாகச் சுட்ட செங்கலை இடித்தால் கிடைப்பது வெறும் சிவப்பு மணல். நிறம் கொடுக்கும், வேலை செய்யாது.

மூட்டைத் தூளும் தோட்டச் சுண்ணாம்பும்

ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. தண்ணீரில் கொட்டி (தூள் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கட்டி தட்டும்) குறைந்தது ஒரு நாள், முடிந்தால் பல வாரம் ஊறவிட்டால் ஒரு மாதிரி விழுது கிடைக்கும். வழுவழுப்பு குறைவு, ஒட்டும் பிடிப்பும் குறைவு. வெள்ளையடிக்க, சின்னச் சின்ன ஒட்டு வேலைக்கு ஏற்கலாம். முழுச் சுவருக்கு வேண்டாம். அதை இன்னும் கெடுக்கும் வழி, ‘கொஞ்சம் பிடிப்புக்கு’ என்று ஒரு கரண்டி சிமெண்ட் போடுவது. போதுமான சிமெண்ட் போட்டால் சுவர் அடைபடும், போதாமல் போட்டால் இரண்டுமே சரியாக இறுகாமல் சுண்ணாம்புக்கு உரிய பலமும் போய்விடும்.

செம்பனைத் தோட்டத்துக்கு ஜிஎம்எல் என்று விற்கும் தூளோ இன்னும் மோசம். அது சுடாத சுண்ணாம்புக் கல்லை அரைத்த பொடி. எத்தனை நாள் ஊறவைத்தாலும் இறுகாது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு தேக்கரண்டித் தூளில் சமையல் வினிகரை விடுங்கள். குமிழி விட்டு நுரைத்தால் அது கல்பொடி, அல்லது மூட்டையிலேயே காற்றுப்பட்டு வீணான பழைய சரக்கு. நல்ல நீற்றிய சுண்ணாம்பு பெரிதாக நுரைக்காது.

ஐந்தாவது ரகம், ‘ஹெரிட்டேஜ் பிளாஸ்டர்’ என்று அச்சடித்த முன்கலவை மூட்டை. தண்ணீர் சேர்த்தால் போதும் என்பது வசதிதான். வாங்கும் முன் மூட்டையின் பின்பக்கத்தையும் தயாரிப்பாளரின் விவரத்தாளையும் படியுங்கள். அதில் போர்ட்லண்ட் சிமெண்ட் என்றோ பாலிமர் என்றோ இருந்தால் முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது சுண்ணாம்புப் பூச்சு ஆகாது.

முட்டை, வெல்லம், கடுக்காய் சேர்க்கச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வேலையிடத்திலும் ஒருவராவது இருப்பார். சொல்வது சும்மா இல்லை. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் கைதிகள் பூசிய மதராஸ் சுண்ணாம்பில் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் இருந்தன. இங்கே 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. ஆனால் அது கல்லால் தேய்த்து மெருகேற்றும் கடைசி மெல்லிய பூச்சுக்கான கைப்பக்குவம். ஓதம் ஏறும் அடிச்சுவரில் வெல்லமும் முட்டையும் சேர்த்தால் பூசணத்துக்கு விருந்து வைத்த மாதிரி.

எவ்வளவு வாங்க வேண்டும்

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு உள்சுவரை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பூச்சுக் கனம் 20 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 20 லிட்டர் கலவை. மணலின் இடைவெளிகளுக்குள் சுண்ணாம்பு அடங்கிவிடும் என்பதால் மணலின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள்.

அடி ஒரு மீட்டருக்கு என்எச்எல் 3.5, ஒன்றுக்கு இரண்டரை: மணல் 88 லிட்டர், சுண்ணாம்பு 35 லிட்டர். ஒரு மூட்டை போதும். மேலே உள்ள எட்டுச் சதுர மீட்டருக்கு விழுது, ஒன்றுக்கு மூன்று: மணல் 176 லிட்டர், விழுது சுமார் 59 லிட்டர், அதாவது மூன்று வாளி. பழைய பூச்சு விழுந்த குழிகள் ஆழமாக இருந்தால் கூடுதலாக ஒரு வாளி. எல்லாமே கன அளவு. எடையில் அளந்தால் கணக்கு தப்பும்.

மணலில்தான் பாதி வேலை கெடுகிறது. கடல் மணல் அறவே கூடாது, உப்பைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் ஏற்றுவதாகும். மணி உருண்டையாக இல்லாமல் முனையோடு இருக்க வேண்டும்; அடிப்பூச்சுக்கு 5 மில்லிமீட்டர் வரை, கடைசிப் பூச்சுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள். கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்துவிடுங்கள். மறுநாள் மணலுக்கு மேல் தடியாக வண்டல் படிந்திருந்தால் மணலைக் கழுவாமல் தொடாதீர்கள். வண்டல் நிறைந்த மணல், பூச்சில் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும்.

பூசுவது

சுண்ணாம்பு வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது கூரை. உடைந்த ஓடு, பக்கத்து வீட்டோடு பொதுவான கூரைக் கால்வாயில் அடைப்பு, முகப்பு மதிலில் வேர் விட்ட ஆலங்கன்று. வாடகைக் கட்டுப்பாடு 2000-த்தின் தொடக்கத்தில் முடிந்த பிறகு காலியான வீடுகளில் சுவர் கெட்டதற்குக் காரணம் பெரும்பாலும் கால்வாயை யாரும் சுத்தம் செய்யாததுதான். மேலிருந்து தண்ணீர் இறங்கும்போது கீழே எந்தச் சுண்ணாம்பும் நிற்காது.

சிமெண்ட்டைக் கையுளியால் ஓரத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். மின் சுத்தியல் வேண்டாம். ஒரு இடத்தில் செங்கல் தோலையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். பிறகு சுவர் உலரட்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒப்பந்தக்காரர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சிமெண்ட் எடுத்த மறுவாரமே பூசுகிறேன் என்பவருக்கு வேலை கொடுக்க வேண்டாம்.

பூசும் முந்தைய நாள் மாலையும் பூசும் காலையும் சுவரை நனையுங்கள். தண்ணீர் வழியாமல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வறண்ட செங்கல் பூச்சின் ஈரத்தை ஒரே இழுப்பில் குடித்துவிடும். இறுக வேண்டிய சுண்ணாம்பு காய்ந்து மட்டும் போகும். முதல் பூச்சு 10 மில்லிமீட்டர், கரண்டியால் வீசி எறிந்து, தேங்காய் நாரை விரல் நீளம் நறுக்கிக் கலந்து. சற்று இறுகியதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட வேண்டும். இரண்டாவது பூச்சு 7 மில்லிமீட்டர். ஒரு நாள் கழித்து மரத் தேய்ப்புக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் உலரும்போது வந்த விரிசல்கள் அடைபடும். மூன்றாவது 3 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது ஒன்று, இரண்டு வாரம். என்எச்எல்லுக்கு இன்னொரு கட்டுப்பாடு: கலந்ததை அன்றே பூசிவிட வேண்டும், மறுநாள் தண்ணீர் விட்டு உயிர்ப்பிக்க முயலக் கூடாது. விழுதுக் கலவையை மூடி வைத்து, மறுநாள் நன்றாக இடித்துப் பிசைந்து பயன்படுத்தலாம், அது இன்னும் பதமாகவே இருக்கும்.

ஈரக் கோணிச் சாக்கைச் சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டு முதல் வாரம் காக்க வேண்டும். வெயிலும் காற்றும் நேராகப் பட்டால் மாலைக்குள் தூசியாகிவிடும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் வெளிச்சுவர் வேலை எடுப்பது காசைத் தண்ணீரில் போடுவது. ஜனவரி, பிப்ரவரி சரியான காலம், அப்போது சாக்கை நனைத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

கொட்டும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாத ஆளை வேலைக்கு விடாதீர்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே மருத்துவமனை.

மேலே என்ன அடிப்பது

இவ்வளவும் செய்துவிட்டு மேலே அக்ரிலிக் எமல்ஷன் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாள் ஒட்டினதும் அதுவும் ஒன்றுதான், கொப்புளம் திரும்ப வரும். விழுதையே பால் பதத்துக்குக் கரைத்து, சல்லடையில் வடிகட்டி, நனைத்த சுவரில் நான்கைந்து மெல்லிய பூச்சு அடிப்பதே சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. ஈரமாக இருக்கும்போது சுவர் தெரியும், ‘கவரேஜ் இல்லை’ என்று தடிமனாக அடித்துவிடாதீர்கள். காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். தடிமனாக அடித்தால் உலர்ந்து, சட்டையில் ஒட்டும் மாவாக உதிரும். நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்களைச் சுண்ணாம்பின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் கலக்கலாம். லெய்த் ஸ்ட்ரீட்டில் சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலம் இதே முறையில் நீலச்சாயம் கலந்த சுண்ணாம்புதான். அந்தச் சீரமைப்பு 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கியது.

சிலிக்கேட் பெயிண்ட் சுண்ணாம்பைவிட நீடிக்கும், மூச்சும் விடும். ஆனால் சுவரோடு வேதியியலாகப் பிணைந்துவிடுவதால் பிறகு எடுக்க முடியாது, பழைய எமல்ஷன் மேல் பிடிக்கவும் பிடிக்காது. புதிய பூச்சு போட்ட தெருமுகப்புக்கு மட்டும் பரிசீலிக்கலாம்.

உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் இருந்தால், அது 109 ஹெக்டேர் மையமோ அதைச் சூழ்ந்த 150 ஹெக்டேர் வளையமோ, முகப்பைத் தொடும் முன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் ‘பூச்சு வேலை’ என்று மட்டும் எழுதாமல் கலவை விகிதம், கனம், மேற்பூச்சு மூன்றையும் குறிப்பிட்டு, ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளியிலும் அதே வார்த்தைகளை எழுதி வாங்குங்கள். பாதி வேலையில் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கினால் காட்டுவதற்குக் கையில் தாள் இருக்கும்.

மீந்துபோன விழுதைக் கொட்டிவிட வேண்டாம். மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க, மூடியை இறுக்கி, வெயில் படாத மூலையில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. அடுத்த முறை ஒரு கை அகலத்துக்குப் பூச்சு உதிரும்போது அதே வாளியிலிருந்து எடுத்து ஒட்டுப்போடலாம்.